தனிப்பயன் பொத்தான் (மேசைக்கணினிப் படிவங்கள்)

மேசைக்கணினிப் பயன்பாடுகளின் படிவங்களில் கருவி தரும் பொத்தானை அப்படியே வைக்காமல், தேவையான தோற்றத்தையும் நடத்தையையும் சேர்த்து ஒருமுறை எழுதிப் பல படிவங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் படிவ உறுப்பு (கண்ட்ரோல்) தனிப்பயன் பொத்தான் எனப்படும். விசுவல் பேசிக், டெல்ஃபி, ஜாவா ஸ்விங், கியூட்டி, டாட் நெட் எனப் படிவம் வரையும் எல்லாச் சூழல்களிலும் இதற்கு வழி உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நன்கு பழகிய டாட் நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸை இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டுகள் தருமபுரி மாவட்டச் சூழலை ஒட்டியவை.

எதற்காக

பொத்தானுக்கு நிறம் பூசுவது, மூலைகளை வளைப்பது, சுட்டி மேலே வந்தால் பளிச்சிட வைப்பது என்றுதான் கற்பவர்கள் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். ஆனால் தோற்றம் இதில் சிறு பகுதியே. நாற்பது படிவங்கள் உள்ள ஒரு பயன்பாட்டில் 'சேமி' என்ற பொத்தான் நாற்பது இடங்களில் இருக்கும். அவசரத்தில் இருமுறை அழுத்திவிட்டால் என்ன நடக்க வேண்டும், தமிழ் எழுத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும், விசைப்பலகையில் எந்த விசைக்கு அது இயங்க வேண்டும் என்பவற்றை நாற்பது இடங்களில் முடிவு செய்வதை விட்டு ஓரிடத்தில் முடிவு செய்வதுதான் இதன் பயன். பின்னாளில் அந்த முடிவு மாறினால், ஓரிடத்தில் திருத்தியதும் எல்லாப் படிவங்களும் மாற வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத கண்ட்ரோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுபயன்பாட்டுக்கு உரியது ஆகாது.

வரலாறு

1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0 முதலே பொத்தான் இயங்குதளத்தின் சொந்தச் சொத்து. நிரலர் அதைக் கேட்டு வாங்கிப் படிவத்தில் வைக்கலாம். முகத்தை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. விண்டோஸ் 3 காலத்தில், பொத்தானை வரையும் பொறுப்பைப் பயன்பாடே ஏற்றுக்கொள்ளும் முறை பரவியது. அழுத்துவதை இயங்குதளம் கவனிக்கும். வரைவதை நிரல் கவனிக்கும்.

1991 மே மாதம் விசுவல் பேசிக் 1.0 அறிமுகமானது. அதன் படிவ வடிவமைப்புத் திரைக்கு மூலம், ஆலன் கூப்பர் உருவாக்கி மைக்ரோசாஃப்டுக்கு விற்ற 'ரூபி' என்ற கருவி. வெளியார் எழுதிய கண்ட்ரோல்களைக் கருவிப்பெட்டியில் சேர்த்துக்கொள்ள விசுவல் பேசிக் இடம் கொடுத்ததும், கண்ட்ரோல்களை மட்டுமே எழுதி விற்கும் நிறுவனங்கள் உலகெங்கும் தோன்றின. விபிஎக்ஸ் எனப்பட்ட அந்தக் கண்ட்ரோல் கோப்புகளைச் சி மொழியில்தான் எழுத வேண்டியிருந்தது. படிவம் வரைபவர் ஒருவர், கண்ட்ரோல் எழுதுபவர் வேறொருவர் என்ற பிரிவு அதனால் நிலைத்தது. 1995 பிப்ரவரியில் வந்த டெல்ஃபி இந்தச் சுவரை உடைத்தது. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் உருவான அதில், படிவம் எழுதும் அதே பாஸ்கலில், இருக்கும் பொத்தானை மரபாகப் பெற்றுப் புதியதை எழுதலாம். 1997-இல் விசுவல் பேசிக் 5-உம் தன் மொழியிலேயே கண்ட்ரோல் எழுத வழி செய்தது. ஹெய்ல்ஸ்பெர்க் மைக்ரோசாஃப்டுக்குப் போய்ச் சி ஷார்ப் மொழியை வடிவமைத்தார். 2002-இல் டாட் நெட் 1.0-உடன் வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸில் டெல்ஃபியின் சாயல் தெளிவாகத் தெரியும்.

2006-இல் வந்த டபிள்யூபிஎஃப், தோற்றத்தையும் நடத்தையையும் முழுதாகப் பிரித்து, புது கிளாஸ் எழுதாமலே பொத்தானின் முகத்தை மாற்றும் வழியைத் தந்தது. அதோடு விண்டோஸ் ஃபார்ம்ஸ் மறைந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். மறையவில்லை. 2018 டிசம்பரில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது; 2019-இல் டாட் நெட் கோர் 3.0-இலும் இடம் பெற்றது.

தமிழ்நாட்டில்

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2001-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கப்பட்ட சிங்ஃப்யூஷன் நிறுவனத்தின் முக்கிய உருவாக்க மையம் சென்னையில் இருக்கிறது. பிற நிரலர்கள் தங்கள் படிவங்களில் வைத்துக்கொள்ள ஆயத்தக் கண்ட்ரோல்களைச் செய்து தருவதே அதன் தொழில். விண்டோஸ் ஃபார்ம்ஸுக்கான அதன் தொகுப்பில் பட்டன்அட்வ், எஸ்எஃப்பட்டன் என்ற பொத்தான்கள் உள்ளன. படிவத்தில் பொத்தான் வைப்பது முதலாண்டு மாணவர் செய்யும் வேலை. பிறர் நம்பி வைக்கும் பொத்தானைச் செய்வது ஒரு தொழில் என்பதற்குச் சென்னையின் இந்த அனுபவமே சான்று.

தருமபுரி மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. செட்டிக்கரையில் 2013-இல் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து மாணவர்களுக்கும் சொந்தக் கணினியைக் கொடுத்தது. ஆய்வக நேரத்துக்குக் காத்திராமல் வீட்டிலேயே நிரல் எழுதிப் பார்க்க அது உதவியது. இங்கு படிப்பவர் முதலில் எழுதும் உருப்படியான பயன்பாடு பெரும்பாலும் உள்ளூர்க் கணக்காகத்தான் இருக்கும்: உரக்கடை ரசீது, பால் சங்கப் பதிவு, தக்காளி மண்டிக் கணக்கு. இணையம் விட்டுவிட்டு வரும் இடத்திலும் ஓடும் என்பதால் இத்தகைய வேலைக்கு மேசைக்கணினிப் படிவம் இன்றும் பொருத்தமானது.

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடி போன்ற ஓர் இடத்துக்கு ஏலப் பதிவுப் படிவம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விவசாயி பெயர், குவியல் எண், வெண்கூடா மஞ்சள் கூடா என்ற வகை, எடை, கிலோ விலை, வாங்கும் நூற்பாளர் ஆகியவை படிவத்தில் வரும். கீழே 'எடை சேர்', 'ஏலம் முடி', 'சீட்டு அச்சிடு', 'நீக்கு' என்று நான்கு பொத்தான்கள். மூட்டைகள் வரிசையாகக் காத்திருக்கும், சத்தம் மிகுந்த இடம் அது. பதிவு செய்பவரின் கண் திரையில் பாதி, எதிரே நிற்பவர் மேல் பாதி. பொத்தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இந்தச் சூழலே தீர்மானிக்கிறது.

மூன்று வழிகள்

விண்டோஸ் ஃபார்ம்ஸில் தனிப்பயன் பொத்தானை மூன்று வழிகளில் எழுதலாம். முதலாவது, இருக்கும் பட்டன் கிளாஸை மரபாகப் பெற்று வேண்டியதை மட்டும் மாற்றுவது. இரண்டாவது, யூசர்கண்ட்ரோல் ஒன்றில் படமும் எழுத்தும் வைத்து அதைப் பொத்தான்போல் நடத்துவது. மூன்றாவது, கண்ட்ரோல் என்ற அடிப்படை கிளாஸிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தாமே வரைவது.

வழக்கமான தேவைகளுக்கு முதல் வழியே சரி. பட்டன் கிளாஸ் வெளியே தெரியாமல் பல வேலைகள் செய்கிறது. ஸ்பேஸ் விசைக்கு அழுந்துகிறது. டேப் வரிசையில் நிற்கிறது. படிவத்தின் ஏற்புப் பொத்தானாக வைத்தால் என்டர் விசைக்கும், விலக்குப் பொத்தானாக வைத்தால் எஸ்கேப் விசைக்கும் இயங்குகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளிடம் 'நான் பொத்தான், என் பெயர் இது' என்று அறிவிக்கிறது. அடிப்படையிலிருந்து வரைபவர் இவை அத்தனையையும் தாமே எழுத வேண்டும், பெரும்பாலும் எழுதுவதில்லை. அதன் இழப்பு சுட்டி பிடிக்க முடியாதவருக்கும் திரை பார்க்க முடியாதவருக்கும்தான். அரசு அலுவலகத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ எழுதும் மென்பொருளில் இந்த இழப்பை ஏற்கவே கூடாது.

யூசர்கண்ட்ரோல் வழியில் தொடக்கநிலையாளர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. உள்ளே வைத்த எழுத்தின் மேல் அழுத்தினால் அந்த எழுத்துதான் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும்; வெளியே உள்ள கண்ட்ரோலுக்குச் செய்தி போகாது. ஓரத்தில் அழுத்தினால் வேலை நடக்கும், நடுவில் அழுத்தினால் நடக்காது. இதுபோக, பொத்தானுக்குரிய இடைமுகம் அதில் இல்லாததால் ஏற்புப் பொத்தானாகவும் அதை வைக்க முடியாது.

இருமுறை அழுத்தம்

விண்டோஸ் ஃபார்ம்ஸில் பொத்தானுக்கு இரட்டைச் சொடுக்கு என்று தனி நிகழ்வு கிடையாது. வேகமாக இருமுறை அழுத்தினால் கிளிக் நிகழ்வு இருமுறை நடக்கும். 'எடை சேர்' என்பதை அவசரத்தில் இருமுறை தட்டினால் ஒரே மூட்டை இரண்டு வரியாகப் பதிவாகும். விவசாயிக்குக் கூடுதல் பணமோ நூற்பாளருக்குக் கூடுதல் கடனோ கணக்கில் ஏறிவிடும். எனவே இரண்டாவது அழுத்தத்தை விழுங்கிக்கொள்ளும் பொத்தானைத்தான் முதலில் எழுத வேண்டும்.

எல்லாருக்கும் தோன்றும் வழி எளியது: ஆன்கிளிக் முறையை மேலெழுதி, தொடக்கத்தில் பொத்தானைச் செயலிழக்கச் செய்து, அடிப்படை முறையை அழைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் செயல்பட விடுவது. பார்க்கச் சரியாகத் தோன்றும் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

வேலை நடக்கும்போது திரைக்கான இழை முடங்கிக் கிடப்பதால், அந்நேரம் விழுந்த இரண்டாவது அழுத்தம் செய்தி வரிசையில் காத்திருக்கும். வேலை முடிந்து பொத்தான் உயிர்பெற்ற பிறகே அது பொத்தானுக்கு வந்து சேரும். அப்போது பொத்தான் தயாராக இருப்பதால் அதே வேலை மறுபடி நடக்கும். தடுப்பு எழுதியதே வீண். இரண்டாவது ஓட்டை, விசைப்பலகைக் கவனம் (ஃபோகஸ்) நகர்வது. கவனம் உள்ள பொத்தானைச் செயலிழக்கச் செய்தால் அந்தக் கவனம் டேப் வரிசையில் அடுத்த கண்ட்ரோலுக்குத் தாவும். அடுத்தது 'நீக்கு' பொத்தானாக இருந்து, பதிவு செய்பவர் ஸ்பேஸ் தட்டினால் பதிவு போய்விடும். மூன்றாவது, 2012-இல் சி ஷார்ப் 5-இல் வந்த அசிங்க் முறையோடு உரசுவது. கிளிக் நிகழ்வுக்கு எழுதிய நிரல் அசிங்காக இருந்தால், முதல் காத்திருப்பு வந்ததுமே அது பொத்தானிடம் திரும்பிவிடும். தரவுத்தளத்தில் எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, எல்லாம் முடிந்ததாக எண்ணிப் பொத்தான் திறந்துகொள்ளும்.

நம்பகமான வடிவத்தில் பொத்தானைச் செயலிழக்கச் செய்வதில்லை. உள்ளே 'வேலை நடக்கிறது' என்ற குறி ஒன்றையும், வேலை முடிந்த நேரத்தையும் வைத்துக்கொள்கிறோம். குறி எழுந்திருக்கும்போதும், வேலை முடிந்து அரை நொடிக்குள்ளும் வரும் அழுத்தங்கள் அடிப்படை முறைக்குப் போவதே இல்லை. கவனம் இருந்த இடத்திலேயே இருக்கும். அசிங்க் வேலைக்குக் கிளிக் நிகழ்வை நம்பாமல், டாஸ்க் ஒன்றைத் திருப்பித் தரும் செயலைத் தனிப் பண்பாகவே பொத்தானிடம் கொடுத்துவிட வேண்டும். அது முடியும்வரை காத்திருந்து, பிறகு குறியை இறக்குவது பொத்தானின் பொறுப்பு. இடையில் பிழை நேர்ந்தாலும் குறி இறங்கியாக வேண்டும் என்பதால் ஃபைனலி பகுதிக்குள் அதை எழுதுவது கட்டாயம். ஏற்கும் அழுத்தங்களில் அடிப்படை ஆன்கிளிக் முறையை அழைக்கவும் மறக்கக் கூடாது. உரையாடல் பெட்டியை மூடும் விடையைப் படிவத்துக்குச் சொல்வது அந்த முறைதான்.

இருபது முப்பது வரிகளில் முடியும் இந்த நிரலை ஒவ்வொரு படிவத்திலும் ஒருவர் எழுதினால் எங்காவது ஓரிடத்தில் ஓர் ஓட்டை விட்டுப்போகும்.

படிவத்துக்குள் நகலாகும் மதிப்புகள்

பொத்தானின் நிறத்தையும் எழுத்துருவையும் கன்ஸ்ட்ரக்டரில் வைத்துவிட்டு, ஓரிடத்தில் மாற்றினால் போதும் என்று நிரலர் நிம்மதியாக இருப்பார். ஆறு மாதம் கழித்து நூலகத்தில் பச்சையை நீலமாக்கினால் புதிய படிவங்கள் மட்டும் நீலமாக வரும். பழையவை பச்சையாகவே நிற்கும். பிழை எங்கே என்று நூலகத்தில் தேடினால் கிடைக்காது.

காரணம் வடிவமைப்புத் திரையில் இருக்கிறது. பொத்தானை இழுத்துப் படிவத்தில் விட்டதும், எந்தப் பண்பின் மதிப்பு அதன் இயல்பு மதிப்பிலிருந்து மாறியிருக்கிறது என்று விசுவல் ஸ்டூடியோ பார்க்கும். மாறியதை எல்லாம் அந்தப் படிவத்தின் டிசைனர் கோப்பில் தனி வரியாக எழுதிவைக்கும். கன்ஸ்ட்ரக்டரில் வைத்த நிறமும் அதன் கண்ணுக்கு மாறிய மதிப்புதான். ஆக ஒவ்வொரு படிவத்திலும் நிறத்தின் நகல் ஒன்று பதிந்துவிடுகிறது. நூலகம் பின்னால் எதைச் சொன்னாலும் படிவம் தன் நகலையே கேட்கும்.

இதைத் தவிர்க்க, பண்பின் இயல்பு மதிப்பு எது என்பதைக் கண்ட்ரோலே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எண், உண்மை-பொய் போன்றவற்றுக்கு டிஃபால்ட்வேல்யூ என்ற குறிப்பைப் பண்பின் மேல் எழுதினால் போதும். நிறம், எழுத்துரு ஆகியவற்றுக்கு, 'இதைப் பதிய வேண்டுமா' என்ற கேள்விக்குப் பதில் தரும் ஷுட்சீரியலைஸ் முறையையும் மீட்டமைக்கும் முறையையும் எழுதுவது நல்லது. கன்ஸ்ட்ரக்டரில் வைக்கும் மதிப்பும் குறிப்பில் சொன்ன மதிப்பும் ஒன்றாக இருப்பது முக்கியம். கண்ட்ரோல் எழுதி முடித்ததும் ஒரு வெற்றுப் படிவத்தில் அதை வைத்து, டிசைனர் கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பெயர், இடம், அளவு, டேப் எண் போன்ற சில வரிகளுக்கு மேல் அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

வடிவமைப்புத் திரை கன்ஸ்ட்ரக்டரை உண்மையாகவே ஓட்டுகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அங்கே தரவுத்தளத்தைத் திறக்கும் வரி இருந்தால், படிவத்தைத் திருத்தத் திறக்கும்போதே பிழைத்திரை வரும்.

தமிழ் எழுத்து

விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்திலேயே தமிழ் ஒருங்குறி இயங்குகிறது. லதா எழுத்துரு அதோடு வந்தது. அதற்கு முன்பும் அதன் பிறகு சில ஆண்டுகளும், 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் போன்ற எட்டு பிட் குறியாக்கங்களில் பொத்தான்கள் எழுதப்பட்டன. ஒரு பொத்தானுக்கு எழுத்துருவைக் குறிக்க மறந்தால் அதில் மட்டும் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை தெரியும். தமிழ்ப் பொத்தானை ஒரே கிளாஸாக எழுதும் தேவையை அந்தக் காலமே முதலில் உணர்த்தியது.

இன்றைய சிக்கல் அளவில் இருக்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் பொத்தானின் இயல்பு அளவு 75-க்கு 23 பிக்சல். பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்கின் இயல்பு எழுத்துரு மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப். டாட் நெட் கோர் 3.0 முதல் சீகோ யூஐ. இரண்டிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. விண்டோஸ் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துரு ஒன்றை இடையில் கொண்டுவந்து வைக்கும்: பழைய கணினியில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ. இரண்டின் உயரமும் அகலமும் வேறு. அதனால் நிரலர் கணினியில் சரியாக இருந்த 'சீட்டு அச்சிடு' அலுவலகக் கணினியில் மேலே 'சீ'யின் சுழி வெட்டுப்பட்டோ, 'டு' அடுத்த வரிக்கு இறங்கி மறைந்தோ போகும். நிர்மலா யூஐ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் இல்லாவிட்டால் லதாவையும் வெளிப்படையாக வைப்பது நல்லது. அகலத்தை நிரலர் கையால் இழுத்து வைக்காமல் பொத்தானே எழுத்தை அளந்து விரியட்டும். கெட்பிரஃபர்ட்சைஸ் முறையை மேலெழுதி, அளந்த அகலத்தை 24 பிக்சலின் அடுத்த மடங்குக்கு உயர்த்தினால் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள் ஒழுங்காகத் தெரியும். அளப்பதற்கும் வரைவதற்கும் டெக்ஸ்ட்ரெண்டரர் என்ற ஒரே கருவியைப் பயன்படுத்த வேண்டும். ஒன்றில் அளந்து மற்றொன்றில் வரைந்தால் கடைசி எழுத்து வெட்டுப்படும்.

ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழுத்தும் குறுக்குவழி தமிழில் கைகொடுப்பதில்லை. விசைப்பலகை ஆங்கில நிலையில் இருந்தால் தமிழ் எழுத்து பிறக்காது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் இருப்பவருக்கும் ஆங்கிலத்தில் இருப்பவருக்கும் ஒரே விசை வெவ்வேறு எழுத்து. எந்த மொழி நிலையிலும் மாறாத எஃப்2, எஃப்5 போன்ற விசைகளைப் பொத்தானின் பண்பாகவே வைப்பது சிறந்தது. பொத்தான் தன் படிவத்தைக் கண்டறிந்து, கீபிரிவியூ பண்பைத் திறந்து, விசை நிகழ்வில் தன்னை இணைத்துக்கொள்ளும். நீக்கப்படும்போது இணைப்பை அறுத்துக்கொள்ளும். விசையின் பெயரைப் பொத்தான் முகத்தின் ஓரத்தில் சிறிதாக எழுதினால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கர்நாடக எல்லையை ஒட்டிய தருமபுரியில் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் நிறைய. பொத்தானில் எழுத்தைக் கையால் தட்டாமல் 'சேமி', 'அச்சிடு', 'நீக்கு' போன்ற செயல்களைப் பட்டியலாக வைத்து, எழுத்தை வளக் கோப்பிலிருந்து எடுக்கச் செய்தால் மொழி சேர்ப்பது ஒரு கோப்பைச் சேர்க்கும் வேலையாகிவிடும். ஒரு படிவத்தில் 'நீக்கு', இன்னொன்றில் 'அழி' என்று கலந்து வரும் குழப்பமும் தீரும்.

வரைதல்

பொத்தானின் முகத்தையே மாற்ற வேண்டுமானால் ஆன்பெயின்ட் முறையை மேலெழுதலாம். வளைந்த மூலைக்கு ரீஜியன் பண்பால் பொத்தானை வெட்டினால் ஓரம் பல்போல் தெரியும். பின்னணியைத் தாய்க் கண்ட்ரோலின் நிறத்தில் நிரப்பி, மேலே மென்மையாக்கிய வளைகோடு வரைவது மேல். கவனம் தன்மேல் இருப்பதைக் காட்டும் கோட்டை விடக் கூடாது. உயர் மாறுபாட்டுத் திரையை ஒருவர் வைத்திருந்தால் நம் நிறங்களை ஒதுக்கிவிட்டு இயங்குதள நிறங்களைப் பயன்படுத்த வேண்டும். தூரிகை, பேனா ஆகியவற்றை வரைந்து முடித்ததும் விடுவிப்பதும் கட்டாயம். விண்டோஸில் ஒரு செயல்முறைக்கு இயல்பாக 10,000 வரைகலைக் கைப்பிடிகளே அனுமதி. காலையில் திறந்த படிவம் மாலைவரை ஓடும் இடத்தில் சிறு கசிவும் பிற்பகலுக்குள் திரையைக் குலைத்துவிடக்கூடும்.

பகிர்தலும் பதிப்பும்

முடிந்த பொத்தான் டிஎல்எல் நூலகமாகத் தொகுக்கப்பட்டு, கருவிப்பெட்டியில் சேர்க்கப்படுகிறது. விசுவல் பேசிக் 6 காலத்தில் கண்ட்ரோல் இருக்கும் ஓசிஎக்ஸ் கோப்பை ஒவ்வொரு கணினியிலும் பதிவு செய்தால்தான் படிவம் திறக்கும். அந்தச் சூழலுக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தாலும், அதில் எழுதிய நிரல்களை ஓட்டும் பகுதியை விண்டோஸ் தொடர்ந்து ஏந்திவருகிறது. டாட் நெட் நூலகத்துக்குப் பதிவு தேவையில்லை. பயன்பாட்டின் பக்கத்தில் கோப்பு இருந்தால் போதும்.

நூலகம் ஒருமுறை வெளியே போன பிறகு பண்புகளின் பெயரை மாற்றுவதில் கவனம் வேண்டும். படிவங்களின் டிசைனர் கோப்புகள் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் மறைந்தால் தொகுக்கும்போதே அத்தனை படிவங்களும் உடையும். பழைய பண்பை வடிவமைப்புத் திரையில் தெரியாமல் மறைத்து, காலாவதி என்று குறித்து, புதிய பண்புக்கே அதை வழிமாற்றிவிட்டால் பழைய படிவங்கள் திறக்கும். புதியவற்றில் புதிய பெயர் மட்டுமே தெரியும்.